ஏப்ரல் 10 முதல் டிசம்பர் 1 வரை: ஒரு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பும் வக்கீல் ஆபீஸின் மௌனமும்

இதில் வரும் மனிதர்கள் கற்பனை. எந்த ஒரு வழக்கையும் அப்படியே எடுத்து எழுதவில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் வழக்கு நடத்துகிறவர்களுக்குப் பழக்கமான சூழலில், இளம் வக்கீல்கள் அலசிப் பார்ப்பதற்காகக் கட்டிய வழக்கு இது. சட்டப் பிரிவுகள், கெடு நாட்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் உண்மையானவை.

நடந்தது

பாம்பன் தீவில், தங்கச்சிமடத்தை ஒட்டிய ஒரு மீனவக் குடியிருப்பு. கட்சிக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிற தொழிலாளி. சொந்தப் படகு இல்லை. வீட்டுக்குப் பின்னால் 6 சென்ட் இடமும் அதில் ஐந்து தென்னையும் இருக்கின்றன. அப்பா காலத்திலிருந்து அனுபவம். பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டபோது எழுதிய கூர்சீட்டும் பழைய தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பெரியப்பா மகன் அந்த 6 சென்ட் தன் தகப்பனார் பங்கு என்று சொல்லி, அது தன்னுடையது என்று அறிவிக்கும் உரிமை விளம்புகையும் இடத்தின் சுவாதீனமும் கேட்டு ராமேஸ்வரம் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டார்.

செப்டம்பரில் சம்மன் வந்தது. கட்சிக்காரர் ராமநாதபுரம் நகரில் இருக்கும் ஒரு வக்கீலிடம் வக்காலத்து கொடுத்தார். இருபது வருட அனுபவம் உள்ள வக்கீல். குறுக்கு விசாரணையில் பெயர் எடுத்தவர், நாணயமானவர் என்று ஊரில் சொல்வார்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழில் பொறுப்பு வழக்குகளில் சிக்குகிறவர் எப்போதும் சோம்பேறியாகவோ ஏமாற்றுக்காரராகவோ இருப்பார் என்று நினைத்தால் இந்த வழக்குக் கட்டிலிருந்து கற்க வேண்டியது கைநழுவிப் போகும்.

ஆபீஸில் இரண்டு ஜூனியர்கள். ஒரு குமாஸ்தா, அவரும் வேறு இரண்டு வக்கீல்களுக்குச் சேர்த்து வேலை பார்க்கிறவர். வாய்தா எழுதும் டைரி ஒன்றுதான், அது குமாஸ்தா கையில்.

பிராதுக்குப் பதிலாகப் போட வேண்டிய எதிருரையைச் சீனியர் பாதி சொல்லி எழுத வைத்துவிட்டார். மீதிக்குக் கூர்சீட்டின் அசல் வேண்டும், கட்சிக்காரர் கையெழுத்தும் வேண்டும். குமாஸ்தா போன் போட்டார். எண் உபயோகத்தில் இல்லை. கட்டின் அட்டையில் அந்த ஒரு எண்தான் எழுதியிருந்தது. மனைவியின் எண்ணை யாரும் கேட்டு வாங்கவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 8 விதி 1 எதிருரைக்கு 30 நாள் தருகிறது, காரணம் பதிவுசெய்து 90 நாள் வரை நீட்டலாம் என்கிறது. சாதாரண உரிமையியல் வழக்கில் அந்த 90 நாள் எல்லை கண்டிப்பானது அல்ல, தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் மேலும் நேரம் தரலாம் என்று 2005இல் கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நேரம் கேட்டு யாராவது மனுப் போட வேண்டும். டிசம்பர் முடிந்தது, யாரும் போடவில்லை.

ஜனவரி வாய்தாவில் ஜூனியர் எழுந்து நின்றார். எதிருரை எங்கே என்று நீதிபதி கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், கட்சிக்காரரிடமிருந்து தகவல் இல்லை என்ற பொருளில், "நோ இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்" என்று சொல்லிவிட்டார். பிரதிவாதி எக்ஸ்பார்ட்டி, அதாவது இனி அவர் தரப்பு இல்லாமலே வழக்கு நடக்கும் என்று உத்தரவானது. அன்று சாயங்காலம் குமாஸ்தா டைரியில் அந்த வழக்கை அடித்துவிட்டார், இனி நம் பக்கம் வாய்தா இல்லை என்பதால்.

பிப்ரவரியில் கட்சிக்காரரின் மனைவி பஸ் ஏறி ஆபீஸுக்கு வந்தார். "அண்ணே, எங்க கேசு எப்ப வருது?" என்று கேட்டார். கட்டை எடுத்துப் பார்க்காமலே, "வாய்தா போயிருக்கும்மா, இருந்தா சொல்லி அனுப்புறோம்" என்றார் குமாஸ்தா. அந்த அம்மா கேட்டதற்கு மேல் செய்ய என்ன இருக்கிறது?

ஏப்ரல் 10ஆம் தேதி ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானது. 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கட்சிக்காரர், இங்கிருந்து போகும் மற்றவர்களோடு கேரளக் கரைக்கு வேலைக்குப் போய்விட்டார். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஜூனியர் வேறொரு வழக்குக்காக வழக்கு நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியைப் பார்த்தபோது இந்தத் தீர்ப்பு கண்ணில் பட்டது. உடனே சீனியரிடம் சொன்னார். "லீவு முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் சீனியர்.

ஜூன் நடுவில் கட்சிக்காரரே கேரளத்திலிருந்து புது எண்ணில் கூப்பிட்டார். "வக்கீலய்யா, நம்ம கேசுல ஏதும் இருக்கா? ஊருக்கு வரணும்னா வர்றேன்." சீனியர் சொன்ன பதில்: "ஒண்ணும் அவசரமில்லப்பா, நடந்துக்கிட்டிருக்கு."

நவம்பர் மத்தியில் ஒரு காலை, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அமீனாவும் பெரியப்பா மகனும் ஆட்களோடு வந்து 6 சென்ட்டைச் சுவாதீனம் எடுத்து வேலி போட்டார்கள். முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. தீர்ப்பாகி இரண்டு ஆண்டுக்குள் நிறைவேற்று மனுப் போட்டால் ஆணை 21 விதி 22இன்படி அறிவிப்பு கட்டாயமில்லை. சுவாதீனம் போன வாரத்திலேயே மூன்று தென்னைகள் வெட்டப்பட்டன.

தவறு எந்த நாளில் பொறுப்பாக மாறியது

இந்தக் கட்டைப் படிக்கிறவர்கள் ஜனவரி வாய்தாவைத்தான் முதலில் கைகாட்டுவார்கள். அது பெரிய தவறுதான். கட்சிக்காரருக்குத் தகவல் சொல்லாமல் "நோ இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்" சொல்ல வக்கீலுக்கு உரிமை இல்லை. வக்காலத்து கொடுத்தால் அது ஆணை 3 விதி 4இன்படி வழக்கு முடியும்வரை நிற்கும். கோர்ட்டின் அனுமதியோடு எழுத்தில் முடித்துக்கொண்டால்தான் போகும். இந்திய பார் கவுன்சில் விதிகளும், போதிய காரணமும் நியாயமான முன்னறிவிப்பும் இல்லாமல் வழக்கிலிருந்து விலகக் கூடாது என்கின்றன. மல்கியத் சிங் எதிர் ஜோகிந்தர் சிங் வழக்கில் (1998), வக்கீல் இப்படிச் சொன்னதால் எக்ஸ்பார்ட்டியான கட்சிக்காரருக்காக உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கியது.

ஆனால் ஜனவரியில் நடந்ததற்கு ஆணை 9 விதி 7இல் பரிகாரம் இருந்தது. வாதி சாட்சியம் முடிவதற்குள் வந்து நல்ல காரணம் காட்டினால் எக்ஸ்பார்ட்டி உத்தரவை விலக்கிக்கொள்ளலாம். மனைவி ஆபீஸ் வாசலில் நின்ற பிப்ரவரி மாதத்தில்கூட அந்த வாய்ப்பு உயிரோடு இருந்தது.

தீர்ப்பான பிறகும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஆணை 9 விதி 13இன்படி எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை விலக்க மனுப் போடலாம். காலவரையறைச் சட்டம் 123ஆவது இனத்தின்படி அதற்கு 30 நாள். சம்மன் முறைப்படி சார்பு ஆகாதவருக்குத்தான், அதாவது முறையாகக் கிடைக்காதவருக்குத்தான், தெரிய வந்த நாளிலிருந்து கணக்கு. இங்கே சம்மன் சார்பாகிவிட்டது, அதனால் தீர்ப்பு நாளிலிருந்தே ஓடும். ஏப்ரல் 10 தீர்ப்புக்கு மே 10 கடைசி நாள். மே மாதம் உரிமையியல் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு, கெடு முடிகிற நாளில் கோர்ட் மூடியிருந்தால் திறக்கிற நாளில் போடலாம் என்கிறது.

அதாவது, ஜூனில் கோர்ட் திறந்த முதல் நாள் காலையில் அந்த மனு போயிருந்தால் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. தாமத மன்னிப்பு மனுவே தேவைப்பட்டிருக்காது. சில ஆயிரம் ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொல்லி வழக்கு மீண்டும் கோப்புக்கு வந்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. தென்னைகளும் நின்றிருக்கும்.

இந்தச் சலுகையில் ஜூனியர்கள் அடிக்கடி தவறவிடும் கூர்மை ஒன்று உண்டு. 4ஆவது பிரிவு கெடுவை நீட்டுவதில்லை. திறக்கிற நாளில் போட்டால் ஏற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்கிறது. அன்று விட்டுவிட்டால் விடுமுறை நாட்களும் தாமதத்தில் சேர்ந்துவிடும். கடைசியில் டிசம்பர் 1ஆம் தேதி மனுப் போட்டபோது தாமதம் 205 நாள் என்று கணக்கானது இப்படித்தான்.

ஏன் போடவில்லை? மனுவுக்குக் கட்சிக்காரரின் அஃபிடவிட் (சத்திய வாக்குமூலம்) வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டுமானால் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்வதைத் தள்ளிப்போட்டதால் மனுவும் தள்ளிப்போனது. என் பார்வையில் இந்த வழக்கின் நடுநாடி ஜூன் மாதத்து அந்தப் போன் பேச்சு. அதுவரை நடந்தது அலட்சியம். "நடந்துக்கிட்டிருக்கு" என்று சொன்ன நிமிடத்தில் அது பொய்யாக மாறியது. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

பார் கவுன்சில், சிவில் கோர்ட், நுகர்வோர் ஆணையம்

கட்சிக்காரர் இரண்டாவதாகப் போன வக்கீல் ஒரு பெண்மணி. அவரிடம் கணவனும் மனைவியும் கேட்ட முதல் கேள்வி: "அந்த வக்கீல் மேல கேஸ் போட முடியுமா?" அவர் சொன்ன பதிலின் சாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. 2007இல் தேசிய நுகர்வோர் ஆணையம் வக்கீல்களின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லியிருந்தது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், இந்திய வக்கீல்கள் சங்கம் எதிர் டி.கே. காந்தி வழக்கில், அதை மாற்றியது. வக்கீல் கட்சிக்காரரின் கட்டுப்பாட்டுக்குள், அவர் சொற்படி இயங்குகிறவர், ஆகவே அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம், நுகர்வோர் சட்டத்தின் சேவை என்ற வரையறைக்குள் வராது என்பது தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு வந்தபோது, இனி நம்மை யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்று நினைத்துக்கொண்ட வக்கீல்கள் உண்டு. மிகத் தவறான, ஆபத்தான எண்ணம். 1926ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் கட்டணச் சட்டம், 5ஆவது பிரிவில், வக்கீல் என்ற ஒரே காரணத்தால் தொழிற்கடமையில் காட்டிய அலட்சியத்துக்கு வழக்குத் தொடரப்படுவதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை என்று சொல்கிறது. இது நூறு வருடத்துப் பழைய சட்டம். 1988இல் எம். வீரப்பா எதிர் எவ்லின் செக்வேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் காட்டித்தான், வக்கீல் மீது நஷ்டஈட்டு வழக்கு நிற்கும் என்றது.

அப்படிச் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டால் எதை நிரூபிக்க வேண்டும்? கடமை இருந்தது, அதை மீறினார் என்பது மட்டும் போதாது. மீறலால் நஷ்டம் வந்தது என்றும் காட்ட வேண்டும். ஒழுங்காக நடத்தியிருந்தாலும் தோற்றிருக்கும் வழக்கு என்றால் இழந்தது என்ன என்ற கேள்வி வரும். ஆகவே பழைய வழக்கின் பலத்தை இந்த வழக்குக்குள் நிரூபிக்க வேண்டியிருக்கும். இவருக்குப் பட்டாவும் கூர்சீட்டும் இருந்ததால் அந்தப் பகுதி கஷ்டமில்லை. போன் அழைப்புப் பதிவுகளும் மனைவியின் சாட்சியமும் மீறலைக் காட்டும். குமாஸ்தா செய்தது, ஜூனியர் செய்தது என்று சீனியர் ஒதுங்க முடியாது. வக்காலத்தில் பெயர் அவருடையது, ஆபீஸ் செய்த தவறுக்குச் சிவில் பொறுப்பும் அவருடையது.

பார் கவுன்சில் வழி வேறு மாதிரியானது. வக்கீல்கள் சட்டம் 1961இன் 35ஆவது பிரிவில் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் தரலாம். ஒரு ஆண்டுக்குள் முடிக்காவிட்டால் 36பி பிரிவின்படி அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் தடை, பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் என்பவை தண்டனைகள். நஷ்டஈடு கிடைக்கும் இடம் அது இல்லை. அங்கே அலட்சியத்துக்கும் முறைகேட்டுக்கும் நடுவே கோடு போட்டிருக்கிறார்கள். வி.பி. குமாரவேலு வழக்கில் (1997), சென்னையில் அரசு வக்கீலாக இருந்தவரின் அலுவலகத்தில் கட்டுகள் கவனிக்கப்படாமல் போனது பற்றிய புகார் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒழுக்கக் கேடு கலக்காத வெறும் அலட்சியம் தொழில் முறைகேடு ஆகாது என்று முடிந்தது.

இந்தக் கோட்டை நம் வழக்கில் வைத்துப் பாருங்கள். எண் குறிக்காதது, கெடு தவறியது, டைரியில் அடித்தது எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். தீர்ப்பானது தெரிந்தும் நடக்கிறது என்று சொன்னது அந்தப் பக்கம். நவம்பரில் அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு சேர்ந்தன.

காமாலையும் கட்டும்

அமீனா வந்த அன்று மாலையே கணவனும் மனைவியும் முதல் வக்கீலிடம் ஓடினார்கள். அப்போதும் அவர் முழுதாகச் சொல்லவில்லை. "தாமத மனு போட்டு எடுத்துடலாம். உனக்கு மஞ்சள் காமாலை, நாட்டு மருந்து சாப்பிட்டுப் படுத்திருந்தேன்னு அஃபிடவிட்ல போட்டுக்கலாம்" என்றார்.

தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தாமத மனு படித்தவர்களுக்கு இந்தக் காமாலை எவ்வளவு பழகியது என்று தெரியும். வழக்கமாகிப் போனதால் அது பொய் என்ற உணர்வே பலருக்கு மரத்துவிட்டது. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, மறைக்கவில்லை. வக்கீலின் தவறை மூடுவதற்குக் கட்சிக்காரரைப் பொய்ச் சத்தியம் செய்ய வைக்கிறோம். பொய்ச் சாட்சியத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 229ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. மாட்டுகிறவர் கையெழுத்துப் போட்ட மீனவர். அதுவும் எதிர்க்கட்சி யார்? அடுத்த வீட்டில் இருக்கும் பெரியப்பா மகன். தடைக்காலத்தில் யார் கேரளாவுக்குப் போனார்கள், எந்தப் படகில் ஏறினார்கள் என்பது அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். குறுக்கு விசாரணையில் இரண்டாவது கேள்விக்கே அந்த அஃபிடவிட் உடைந்திருக்கும்.

மேலும், தன் தவறே காரணமாக இருக்கும் மனுவைத் தானே எழுதும் வக்கீல், உண்மைக் காரணத்தை எழுத முடியாத இடத்தில் இருக்கிறார். அவர் நலனும் கட்சிக்காரர் நலனும் பிரிந்துவிட்டன. வேறு வக்கீலைப் பார்த்து ஆலோசனை கேட்டுக்கொள் என்று சொல்வதுதான் அந்த நிலையில் முறை.

கட்சிக்காரர் மறுத்தார். "கடல்ல கிடந்தவன நோயில கிடந்தேன்னு எப்படிச் சொல்ல?" என்று கட்டைத் திரும்பக் கேட்டார். பாக்கி ஃபீஸ் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்று பதில் வந்தது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது: ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது, கேட்டும் தராமல் இருப்பது தொழில் முறைகேடு. பாக்கிக்கு வேறு வழியில் வழக்குப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாம் வக்கீல் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு ஒரு பக்கத்தில் மரியாதையாகக் கடிதம் எழுதினார். கட்டு நான்காம் நாள் வந்தது, கூர்சீட்டின் நகலோடு.

205 நாள்

இரண்டாம் வக்கீல் செய்த நல்ல காரியம், முதல் வக்கீலைப் பகைக்காமல் நேரில் போய்ப் பார்த்தது. "அண்ணே, உண்மையை எழுதி நீங்க ஒரு அஃபிடவிட் கொடுத்தா அந்த இடம் திரும்பக் கிடைக்கும். இல்லைன்னா அவங்களுக்கு உங்க மேல போறதைத் தவிர வேற வழியில்ல" என்றார். முதலில் மறுத்தார், இரண்டு நாள் கழித்து ஒத்துக்கொண்டார். எண் மாறியது, ஜூனியர் சொன்னது, ஏப்ரலில் தெரிந்தும் தகவல் சொல்லாதது எல்லாம் தேதியோடு அதில் வந்தன.

தாமத மன்னிப்புக்குச் சட்டம் சாதகமாகவே இருந்தது. வக்கீலின் தவறுக்காக ஒன்றும் அறியாத கட்சிக்காரர் பாதிக்கப்படக் கூடாது என்று ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் 1981லேயே சொல்லப்பட்டது. இதைவிட நெருக்கமானது 1998இல் வந்த என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி. நம் மாநிலத்து வழக்கு. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை விலக்க 883 நாள் தாமதம், காரணம் வக்கீல் கவனிக்காதது. தாமதம் எத்தனை நாள் என்பதல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்றது உச்ச நீதிமன்றம். அந்தக் கட்சிக்காரர் நுகர்வோர் மன்றத்துக்கும் போய் வக்கீலிடமிருந்து 50,000 ரூபாய் இழப்பீடு பெற உத்தரவு வாங்கியிருந்தார். 2024க்குப் பிறகு அந்த வழி மட்டும் இல்லை.

அதே நேரம், வக்கீல் மேல் பழியைப் போட்டால் எந்தத் தாமதமும் மன்னிக்கப்படும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் வழக்கு என்ன ஆனது என்று வருடக்கணக்கில் எட்டிப்பார்க்காதவருக்குக் கோர்ட்டுகள் இரக்கம் காட்டுவதில்லை. இங்கே காப்பாற்றியது பிப்ரவரியில் மனைவி நேரில் வந்ததும், ஜூனில் கணவர் கூப்பிட்டதும். இரண்டும் முதல் வக்கீலின் அஃபிடவிட்டிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன.

இந்தக் கரைக்கு ஏற்ற ஆபீஸ்

ஆபீஸ் நிர்வாகம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஊரில் இருக்கிற, போன் எடுக்கிற, மாதச் சம்பளம் வாங்குகிற கட்சிக்காரரை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. நம் கட்சிக்காரர்கள் அப்படி இல்லை. ராமேஸ்வரம் விசைப்படகுக்காரர்கள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்புகிறவர்கள். இலங்கைக் கடற்படை பிடித்தால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வர முடியாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார், பவர் வாங்கிய மாமாவோ மச்சானோ வழக்கைப் பார்ப்பார். பனைத் தொழிலாளிக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் ஒரு நாள் கோர்ட்டுக்கு வருவது ஒரு நாள் கூலி.

அதனால் வக்காலத்து வாங்கும்போதே ஒரு தாளில் மூன்று எண்கள் வேண்டும்: அவருடையது, வீட்டில் இருக்கும் பெண்ணுடையது, ஊரில் நிலையாக இருக்கும் ஒருவருடையது. மூன்றாவதாகக் கடைக்காரர் இருக்கலாம், சங்கச் செயலாளர் இருக்கலாம். ஆனால் வழக்கு விவரத்தை அவரிடம் சொல்லக் கூடாது, "ஆபீஸுக்குப் பேசச் சொல்லுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தொழில் ரகசியம் அங்கேயும் உண்டு, அதுவும் எல்லோரும் சொந்தக்காரர்களாக இருக்கிற ஊரில் கூடுதலாகவே உண்டு. எந்த மாதங்களில் ஊரில் இருக்க மாட்டார் என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம். தடைக்காலம் ஏப்ரல் 15 என்பது எல்லோருக்கும் தெரிந்த தேதி. அதற்கு முன் வாரம், கையெழுத்துத் தேவைப்படும் கட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்ப்பது ஒரு மாலை வேலை.

டைரி விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வேன்: எக்ஸ்பார்ட்டி ஆன வழக்கு டைரியிலிருந்து போகக் கூடாது. எல்லா வழக்கையும்விட அதற்குத்தான் கெடு நெருக்கமாக ஓடுகிறது. சிவப்பு மையில் தனிப் பக்கத்தில் எழுதி, விலக்கு மனு போடும்வரை வாரா வாரம் சீனியர் கண்ணில் பட வேண்டும். அதே போல வாய்தா டைரி வேறு, கெடு டைரி வேறு. கோர்ட் தரும் தேதியைக் குமாஸ்தா எழுதட்டும். மேல்முறையீட்டுக்கு மாவட்ட அளவில் 30 நாள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு என்றால் 90 நாள் போன்ற, கோர்ட் சொல்லாமல் தானே ஓடும் நாட்களை வக்கீல் தன் கையால் எழுத வேண்டும். இ-கோர்ட்ஸில் ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள 16 இலக்க எண்ணைக் கட்டின் அட்டையிலேயே எழுதி, அதைக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையின் போனிலும் போட்டுக் கொடுத்துவிடலாம். கட்சிக்காரர் சரிபார்த்தால் வக்கீலுக்கு என்ன குறைவு? பள்ளிக்கூடம் போகும் மகள் பிப்ரவரியில் பார்த்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன் என்பதையும் நம்பிவிடக் கூடாது. இரண்டு டிக் வந்தால் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள், அவர் படித்தார் என்றில்லை. எழுத்துப் படிக்கத் தயங்குகிறவர்களுக்குக் குரல் பதிவு நல்லது, பதிலும் குரலாகவே கேட்டு வாங்கிச் சேமித்துக்கொள்ளலாம். எதுவும் பயன்படாத இடத்தில் பதிவுத் தபால் போட வேண்டும்.

இனி, தவறு நடந்துவிட்ட பிறகு சொல்வது எப்படி? பலருக்கு வார்த்தை வராததால்தான் பேச்சே நின்றுபோகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் அந்தச் சீனியர் இப்படிப் பேசியிருக்கலாம்: "தம்பி, உன் வழக்குல நம்ம ஆபீஸ் பக்கம் எதிருரை போகாததால 10ஆம் தேதி உனக்கு எதிரா தீர்ப்பாயிருக்கு. இதை விலக்க மனு இருக்கு. ஜூன்ல கோர்ட் திறக்குற அன்னைக்கே போடணும், அதுக்கு உன் கையெழுத்து வேணும். நானே போடணுமா, வேற வக்கீலப் பாக்குறியான்னு நீயே முடிவு பண்ணு. இதுக்கு ஃபீஸ் கிடையாது." ஒரு நிமிடப் பேச்சு. திட்டு விழும், சரி. மே மாதம் முழுக்க நேரம் இருந்தது. கேரளத்திலிருந்து ஒரு இரவு பஸ்ஸில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

தொழில் பொறுப்பு இன்சூரன்ஸ் நம் நாட்டில் வக்கீல்களுக்குக் கட்டாயமில்லை, விருப்பப்பட்டு எடுக்கலாம். எடுக்கிறவர்கள் பாலிசியில் இரண்டு நிபந்தனைகளைப் படித்துக்கொள்வது நல்லது. கோரிக்கை வரக்கூடிய சம்பவம் தெரிந்தவுடன் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்று, கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ தொகை பேசவோ கூடாது என்பது இன்னொன்று. நடந்ததைக் கட்சிக்காரரிடம் சொல்வது வேறு, இவ்வளவு தருகிறேன் என்று பேரம் முடிப்பது வேறு. முன்னதை எந்த பாலிசிக்காகவும் நிறுத்தி வைக்க முடியாது.

வழக்கு இப்போது

தாமதம் 7,500 ரூபாய் செலவுத்தொகையோடு மன்னிக்கப்பட்டது. அதை முதல் வக்கீல் கட்டினார். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு விலக்கப்பட்டு, எதிருரை கோப்புக்குப் போய்விட்டது. தீர்ப்பு விலக்கப்பட்டதால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 144ஆவது பிரிவின்படி 6 சென்ட்டைத் திரும்ப ஒப்படைக்கக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள். இடம் திரும்ப வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. வெட்டிய மூன்று தென்னைக்கு அந்த மனுவிலேயே இழப்பீடும் கேட்டிருக்கிறார்கள். பெரியப்பா மகன், கோர்ட் தீர்ப்பின்படி என் இடத்தில் என் மரத்தை வெட்டினேன் என்கிறார்.

அந்தத் தொகை அவரிடமிருந்து வராவிட்டால் முதல் வக்கீலிடம் கேட்பதா என்பதில் கணவனும் மனைவியும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் உண்மையை எழுதிக் கொடுத்தாரே, விட்டுவிடலாம் என்பது கணவர் கட்சி. "ஜூன் மாசம் எழுதிக் கொடுத்திருந்தா மரம் நின்னுருக்கும்ல?" என்று மனைவி கேட்கிறார். நஷ்டஈட்டு வழக்குக்கு மூன்று ஆண்டு கெடு. இரண்டாம் வக்கீல் அந்த மூன்றாண்டை எக்ஸ்பார்ட்டி ஆன ஜனவரி வாய்தாவிலிருந்தே கணக்கிட்டு, கெடு டைரியில் தன் கையால் எழுதி, தேதியை இருவர் போனிலும் குரல் பதிவாகப் போட்டுவிட்டார்.